மீட்டர் சாட்சி

பினாங்கில் ஒரு ரேடியோக் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்த அடைக்கலம், முதலாளி கடையை மூடிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதால் 1940இல் ஊர் திரும்பினான். வரும் வழியில் கப்பலில் அவனுடைய துணிப்பெட்டி தொலைந்துபோனது. மீட்டர் தொலையவில்லை. தோல் உறை போட்ட அந்தக் கறுப்புப் பெட்டியை அவன் நாகப்பட்டினம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். தூங்கும்போது அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டான்.

திருமயத்தில் கோட்டைக்குப் போகிற பாதையில் ஒரு அறை பிடித்து, "ரேடியோக்கள் மீட்டர் வைத்துச் சோதிக்கப்படும்" என்று பலகை மாட்டினான். மீட்டரில் ஒரு கண்ணாடி, அதற்குள் மயிர் போல ஒரு முள். பெட்டியிலிருந்து சிவப்பு வயர் ஒன்றும் கறுப்பு வயர் ஒன்றும் வரும். இரண்டு வயர்களின் நுனிகளையும் ரேடியோவுக்குள் இருக்கும் ஒரு சாமானின் இரண்டு பக்கமும் வைத்தால் முள் பதில் சொல்லும். கம்பி அறுந்திருந்தால் அசையாது. கரண்டைத் தேக்கிவைக்கும் கண்டென்சர் நல்லதாக இருந்தால் ஒரு துள்ளுத் துள்ளி மறுபடி படுத்துவிடும். துள்ளியது படுக்காமல் நின்றால் கண்டென்சர் ஒழுகுகிறது என்று அர்த்தம். அடைக்கலம் முள் சொல்வதை மட்டும் சொல்வான். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கமாட்டான்.

அவன் தொழில் படுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, குழந்தையைக் கொண்டுவருவதுபோல ரேடியோவைக் கொண்டுவருகிறவனிடம், "செட்டுக்கு ஒண்ணும் இல்லீங்க, பிளக்கு லூசா இருக்கு" என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? புதுக்கோட்டை டவுனில் இன்னொரு ரிப்பேர்க்காரர் இருந்தார். அவரிடம் மீட்டர் கிடையாது. ரேடியோவின் தலையில் கை வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி, "உள்ளே பெரிசா போயிருச்சு" என்பார். ஜனங்கள் நிம்மதியாக அவரிடம் போனார்கள்.

1942 ஜனவரி முதல் வாரம், பக்கத்துச் செட்டியார் ஊரிலிருந்து ஆண்டியப்பன் என்கிற வண்டிக்காரன் வந்து அடைக்கலத்தைக் கூப்பிட்டான். ராமசுப்பிரமணியன் செட்டியார் வீட்டு ரேடியோ நான்கு நாளாகப் பேசவில்லை. டவுன்காரரைத்தான் முதலில் தேடியிருக்கிறார்கள். அவர் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார்.

அந்த ரேடியோ உண்மையில் ராமசுப்பிரமணியன் செட்டியாருடையது அல்ல. மலாயாவில் ஈப்போவில் கடை வைத்திருந்த அவர் தம்பி குமரப்பன் அனுப்பியது. குமரப்பனின் மனைவி மெய்யம்மை இந்த வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்தாள். ரேடியோ முன்கட்டில் இருந்தது. மலாயாவில் ஜப்பான்காரன் இறங்கியதிலிருந்து, சாயந்தரம் ஐந்து மணிக்கு ஊர் ஆண்கள் இருபது இருபத்தைந்து பேர் அந்தக் கூடத்தில் கூடினார்கள். சுவரில் ஒரு பூகோளப் படம் மாட்டியிருந்தது. எந்த ஊர் யார் கையில் என்று அதில் குண்டூசி குத்துவார்கள். உள்ளேயிருந்து காப்பி வரும். நியூஸ் முடிந்தபிறகும் ஒரு மணி நேரம் யுத்தம் நடக்கும்.

அடைக்கலம் ரேடியோவின் முதுகைக் கழற்றினான். வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தான். எல்லாம் நல்லது. டிரான்ஸ்பார்மரில் வைத்தான். நல்லது. கண்டென்சர்கள் ஒழுங்காகத் துள்ளி ஒழுங்காகப் படுத்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப்பிறகு ரெசிஸ்டன்ஸ்களைப் பார்த்தான். எதிலும் குற்றமில்லை. கரண்டு கொடுத்தால் விளக்கு எரிந்தது, இரைச்சல் வந்தது. பேச்சுதான் வரவில்லை.

செட்டியார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அறுபது வயது. எதையும் நியாயமாகச் செய்கிறவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும்.

"இந்த முள்ளு பொய் சொல்லாதா?" என்று கேட்டார்.

"சொல்லாதுங்க."

செட்டியார் இரண்டு வயர்களின் நுனிகளையும் விரலால் பிடித்துப் பார்த்தார். முள் லேசாக அசைந்தது. அவர் சட்டென்று கையை விட்டார்.

"என்னையுமில்ல அளக்குது?"

தன் மீட்டரை ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் பார்ப்பதை அடைக்கலம் கண்டு வெகுநாளாகிவிட்டது. அவனுக்கு வாய் திறந்துகொண்டது. "ஒடம்புலயும் கரண்டு ஓடும்ங்க. கை காஞ்சிருந்தா முள்ளு நிக்கும். ஈரமா இருந்தா ஓடும். வேர்த்தா நல்லா ஓடும். பயந்துட்டா உள்ளங்கை வேர்க்கும் பாருங்க, அப்பக்கூட ஓடும்."

"பயந்தா ஓடுமா?" என்று செட்டியார் மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

அடைக்கலம் அதைக் கவனிக்கவில்லை. ரேடியோவிலிருந்து மாடிக்குப் போகும் ஏரியல் கம்பி அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. காலையில் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். மீட்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். ஒரு நீள வயரை இணைத்து, கம்பியின் இரண்டு முனைகளையும் சோதித்தான். முள் அசையவில்லை. கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில், அது வெட்டுப்பட்டிருந்தது. காற்றில் அறுந்தது அல்ல. முனைகள் தட்டையாக, பளபளவென்று இருந்தன.

கீழே வந்து, வழக்கம்போல உள்ளதைச் சொன்னான். "செட்டுக்கு ஒண்ணும் இல்லீங்க. மேல கம்பிய யாரோ வெட்டியிருக்காங்க."

செட்டியார் கோபப்படவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "எல்லாரையும் வரச் சொல்லு. நான் யாரையும் அடிக்கப்போறதில்ல, வையப்போறதில்ல. மீட்டரே சொல்லட்டும்" என்றார்.

அடைக்கலத்துக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயா, இது ஈரத்தைத்தாங்க காட்டும். மனசைக் காட்டாது."

"நீதானே சொன்னே, பயந்தா ஓடும்னு?"

"சொன்னேங்க. ஆனா..."

"பொய் சொல்லாதுன்னும் சொன்னே."

இரண்டையும் அவன் சொல்லித்தான் இருந்தான். செட்டியார் முதலில் தன் கையை நீட்டினார். நியாயம் தன்னிடமிருந்து தொடங்கவேண்டும் என்று அவர் நினைத்தார். முள் லேசாக அசைந்து நின்றது. "இது சாதாரண அளவு. வச்சுக்க" என்றார். அடுத்து ஆண்டியப்பன். வண்டிப் புழுதி படிந்த கை. முள் அசையவில்லை.

பெண்கள் முன்கட்டுக்கு வரமாட்டார்கள். அதனால் மீட்டரை இரண்டாம் கட்டு வாசலில் வைத்து, வயர்களைக் கதவிடுக்கு வழியாக உள்ளே கொடுத்தார்கள். செட்டியாரின் மனைவி தெய்வானை பிடித்தாள். முள் அவள் கணவருக்கு அசைந்த அளவே அசைந்தது. செட்டியார் திருப்தியோடு தலையாட்டினார். அடுத்து மெய்யம்மை. அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தவள், அப்படியே எழுந்து வந்திருந்தாள். வெள்ளை வெளேரென்று அரிசி மாவு அப்பிய இரண்டு விரல்கள் நுனிகளைப் பிடித்ததைக் கதவிடுக்கில் அடைக்கலம் பார்த்தான். முள் செத்ததுபோலக் கிடந்தது.

கடைசியாகச் செவந்தி வந்தாள். அந்த வீட்டில் தண்ணீர் இறைத்து, பாத்திரம் தேய்க்கிறவள். கிணற்றடியிலிருந்து ஓடிவந்தவள், கையைச் சேலையில் ஒரு துடை துடைத்துவிட்டு வயர்களைப் பிடித்தாள். முள் பாதித் தூரம் பாய்ந்தது.

கூடத்தில் அதற்குள் நாலைந்து பேர் வந்துவிட்டிருந்தார்கள். எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"ஏன் செவந்தி இப்படிச் செஞ்சே?" என்று செட்டியார் வருத்தமாகக் கேட்டார்.

"ஐயா, நான் மாடிக்கே போகலீங்க! எனக்குக் கம்பி எதுன்னே தெரியாதுங்க!"

"இருபத்தஞ்சு டம்ளர் தேய்க்க வேண்டியிருக்குன்னு போன வாரம் மொணங்கினியா இல்லையா?"

"மொணங்கினேங்க."

"போதும். நாளையிலேருந்து வரவேண்டாம்."

செவந்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழக்கூட அவளுக்கு வரவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மெய்யம்மையின் குரல் கேட்டது. கணவனின் அண்ணனோடு அவள் நேரே பேசுகிற வழக்கம் கிடையாது. தெய்வானையிடம் பேசினாள். ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"ஆச்சி, சொல்லுங்க. செவந்தி இல்ல. கம்பிய வெட்டுனது நான்."

தெய்வானை திகைத்து, "மெய்யம்மைதான் வெட்டுச்சாம்" என்று கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களிடம் சொன்னாள்.

"பாக்குவெட்டியால வெட்டினேன். பாருங்க, வாய் மழுங்கிப் போயிருக்கு." கதவிடுக்கு வழியாக ஒரு பாக்குவெட்டி வெளியே வந்தது. "போன வெள்ளிக்கிழமை இந்தக் கூடத்துல எல்லாரும் காப்பி குடிச்சிக்கிட்டே ஈப்போவுல குத்தியிருந்த ஊசியப் புடுங்கிட்டு வேற கலர் ஊசி குத்துனாங்க. ஒருத்தர் 'சபாஷ், என்ன வேகம்'னாரு. அந்த ஊசிக்குக் கீழதான் அவுக இருக்காக. இருக்காகளோ என்னமோ. நான் உள்ள காப்பி ஆத்திக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தருக்காவது அது ஞாபகம் வந்துச்சா? என்னால கேக்க முடியல. அதான் வெட்டினேன்."

 சபாஷ் சொன்னவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடைக்கலம் பினாங்கில் தன் கடை இருந்த தெருவை நினைத்தான். அந்தத் தெருவில் குண்டு விழுந்த செய்தியை அவன் கேட்டது டீக்கடை வாசலில். அவனும் அன்றைக்கு டீயைக் கீழே வைக்கவில்லை.

ராமசுப்பிரமணியன் செட்டியாரின் கண் கலங்கிவிட்டது. அவர் பாக்குவெட்டியை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்றார் கூடத்தைப் பார்த்து. "ஒரு வேலைக்காரி பொழைப்பு போகக்கூடாதுன்னு எம்புட்டுப் பெரிய பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்குது! எங்க தம்பி வீட்டுக் குணம் அது."

"ஆச்சி, நான் பொய் சொல்லலன்னு சொல்லுங்க!"

"பொய் சொல்லலியாம்" என்றாள் தெய்வானை.

"மெய்யம்மை கைய வச்சப்ப முள்ளு ஒரு இம்மியும் அசையலையே. பத்துப் பேர் பாத்தோமே. மனசுல களங்கமே இல்லாததுக்குத்தான் அப்படி நிக்கும். எனக்குக்கூட அசைஞ்சுது" என்றார் செட்டியார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். சபாஷ் சொன்னவர் எல்லோரையும் விட உரக்க ஆமாம் என்றார்.

அடைக்கலத்துக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அது மாவுங்க. கையில மாவு. செவந்திக்கு ஈரம். வேணும்னா இப்பக் காட்டுறேன்." அவன் செவந்தியின் கைகளைத் துடைக்கச் சொல்லி, அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து தடவச் சொல்லி, வயர்களைக் கொடுத்தான். முள் அசையவில்லை.

"பாருங்க!" என்றான்.

"ஆமா, இப்ப ஏன் அசையும்? உண்மை வெளிய வந்திருச்சு. இனிமே மறைக்க என்ன இருக்கு? பயம் போயிருச்சு" என்றார் செட்டியார்.

அடைக்கலம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். "சரிங்க, நீங்க கைய நனைச்சிட்டுப் புடிங்க."

செட்டியார் நனைத்துவிட்டுப் பிடித்தார். முள் செவந்திக்குப் பாய்ந்ததைவிட அதிகமாகப் பாய்ந்தது.  செட்டியார் முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்குக் கோபம் இருக்கு. ஒரு நல்ல பொண்ணை இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டாளேன்னு. அதையும் காட்டுது பாரு" என்று சொல்லிவிட்டு வயர்களை மரியாதையாகக் கீழே வைத்தார்.

மீட்டர் காலையிலிருந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. தானும் சொல்லவில்லை என்பது அடைக்கலத்துக்குத் தெரியும். மெய்யம்மையும் சொல்லவில்லை. இத்தனை உண்மைகள் சேர்ந்து ஒரு பெண்ணின் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தன. செவந்தி எழுந்து, தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொள்ளக் கொல்லைப்பக்கம் போகத் திரும்பினாள்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றான் அடைக்கலம். "ஆளுங்களை அளந்தோம். வெட்டுப்பட்ட கம்பிய இன்னும் அளக்கலையே."

"அதை அளந்தா?"

"யாரு தொட்டாங்கன்னு கம்பியில இருக்கும்ங்க."  தொழில் கற்ற நாளிலிருந்து அவன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாடிக்கு எல்லோரும் போனார்கள். அடைக்கலம் வெட்டுவாயின் ஒரு முனையில் சிவப்பு நுனியை வைத்தான். அதற்கு ஒரு சாண் தள்ளிக் கறுப்பு நுனியை வைத்தான். நல்ல கம்பி. முள் அந்தக் கோடிக்குப் போய் நின்றது. அவன் புருவத்தைச் சுருக்கினான். குமிழைத் திருகி இன்னொரு தடவை வைத்தான். டவுன் ரிப்பேர்க்காரர் கண்ணை மூடுவது நினைவுக்கு வந்தது. தானும் மூடினான்.

"மனுச ஆளு இல்லீங்க" என்றான். "குரங்கு."

"குரங்கா!"

"கோட்டைக் குரங்குங்க. பல்லால கடிச்சிருக்கு. மனுசக் கை பட்டிருந்தா முள்ளு பாதியிலேயே நின்னிருக்கும்."

செட்டியார் குனிந்து முனையைப் பார்த்தார். "ஆமா, பல்லுத் தடம் தெரியுது!" என்றார். பின்னால் வந்தவர்களும் குனிந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் மேல்பல் எது, கீழ்ப்பல் எது என்றுகூடக் காட்டினார்.

"அப்பச் செவந்திக்கு ஏன் பாஞ்சுச்சு?" என்று ஆண்டியப்பன் மட்டும் கேட்டான்.

"டம்ளருக்கு மொணங்கினா இல்ல, அந்தப் பயம்" என்று செட்டியாரே பதில் சொன்னார்.

அடைக்கலம் பொய்யை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது ஒன்றும் அவ்வளவு சிரமமாக இல்லை என்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "இன்னொண்ணுங்க. குரங்கு ஒருதரம் கண்டுக்கிட்ட கம்பிய விடாது. மறுபடி வரும். செட்டை வாசகசாலையில வச்சுட்டா நல்லது. அங்கிட்டு மரம் இல்ல, கம்பியும் தாழ்வா இல்லாமக் கட்டலாம்" என்றான்.

"மீட்டர் சொல்லுதா?"

"சொல்லுதுங்க."

மறுநாள் ரேடியோவும் பூகோளப் படமும் நான்கு ஆள் சுமக்க வாசகசாலைக்குப் போயின. யுத்தமும் அங்கே போனது. செவந்தி வேலையில் இருந்தாள். அடைக்கலம் புதுக் கம்பி கட்டி முடித்துத் திரும்பும்போது கொல்லைக் கதவருகே அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "சின்ன ஆச்சி குடுக்கச் சொன்னாங்க" என்றாள்.  டம்ளரைச் சேலைத்தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தாள். ஈரக்கையை அவனிடம் காட்ட அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதற்குப்பிறகு அடைக்கலத்தின் தொழில் நிமிர்ந்தது. குரங்கைக் கண்டுபிடித்த மீட்டர் என்று அரிமளம் வரைக்கும் பேச்சானது. ஒருவர் பால் கொண்டுவந்தார், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க. ஒருவர் தன் மருமகனையே கொண்டுவந்தார். "இது கரண்டைத்தாங்க அளக்கும்" என்று அடைக்கலம் ஒவ்வொருவரிடமும் சொன்னான். "எம்புட்டு அடக்கம் பாரு" என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நல்ல ரேடியோவை நல்லது என்று சொன்னால் இப்போது நம்பினார்கள். ஆனால் அவன் மீட்டரை வைக்கும்போது, கொஞ்சம் கண்ணை மூடமாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் மூடவில்லை. அந்த ஒரு தடவையோடு சரி.

சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவிலிருந்து கடிதப் போக்குவரத்து அடியோடு நின்றது. ஒரு வருஷமும் எட்டு மாதமும் கழித்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலமாக மெய்யம்மைக்கு ஒரு அட்டை வந்தது. இங்கிலீஷில், டைப் அடித்திருந்தது. இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் எழுதக்கூடாதாம். தபால்காரர் படித்து அர்த்தம் சொன்னார். சுகமாக இருக்கிறேன், கடை இல்லை, கவலைப்படவேண்டாம் என்று இருந்தது. கடைசியில், கொல்லை முருங்கைமரத்தை வெட்டவேண்டாம் என்று இருந்தது. கீழே குமரப்பன் என்று பெயர், அதுவும் டைப்பில்.

ராமசுப்பிரமணியன் செட்டியாருக்குச் சந்தேகம். கையெழுத்து இல்லை. தமிழ் இல்லை. ஜப்பான்காரன் யாரையாவது வைத்து அடித்து அனுப்பியிருக்கலாம். அவர் நியாயமாக யோசித்து, வண்டி கட்டி அடைக்கலத்தை அழைத்துவரச் சொன்னார்.

அடைக்கலம் வந்தபோது அட்டை முன்கட்டில் ஒரு வெள்ளித்தட்டில் இருந்தது. "இது உண்மையா, எங்க தம்பி அனுப்புனதுதானான்னு சொல்லு" என்றார் செட்டியார்.

"காகிதத்துல கரண்டு ஓடாதுங்க, ஐயா."

"தெரியும், தெரியும். நீ வச்சுப் பாரு."

அப்போது மெய்யம்மை கதவைத் தாண்டி முன்கட்டுக்கு வந்தாள். தெய்வானை பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் நிற்கவில்லை. தட்டிலிருந்த அட்டையை எடுத்தாள். கணவனின் அண்ணனை நேரே பார்த்தாள்.

"சோதிக்க வேண்டாம். இது அவுகதான்" என்றாள்.

"எப்படிச் சொல்றே?" செட்டியார் திடுக்கிட்டதில் நேரேயே கேட்டுவிட்டார்.

"அந்த மரத்துல கம்பளிப்பூச்சி ஏறுது, வெட்டணும்னு நான் அஞ்சு வருஷமாச் சொல்றேன். அவுக வேணாம்பாக. இருபத்தஞ்சு வார்த்தைதான் எழுதலாம்னு எண்ணிக் குடுத்தா, அதுல அஞ்சை முருங்கமரத்துக்குன்னு எடுத்து வைக்கிறவுக இந்த ஒலகத்துல வேற யாரு இருக்கா?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் முகம் நனைந்தது. அட்டையை மறுபடி தட்டில் வைத்துவிட்டு, இரண்டாம் கட்டைக் கடந்து விறுவிறுவென்று நடந்தாள்.

செட்டியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது ஆசையில சொல்லுது. நாம நம்ம கடமையச் செய்வோம். வையி" என்றார்.

அடைக்கலம் வைத்தான். முள் அசையவில்லை.

"என்ன சொல்லுது?" என்றார் செட்டியார், குரலைத் தாழ்த்தி.

"அவுகதான்னு சொல்லுதுங்க" என்றான் அடைக்கலம். கண்ணைத் திறந்துகொண்டுதான் சொன்னான்.

செட்டியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "மெய்யம்மைகிட்டச் சொல்லு, மீட்டரும் ஒத்துக்கிருச்சு!"

மெய்யம்மை அங்கே இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அவள் வெளியே முருங்கைமரத்தடியில் நின்று, கம்பளிப்பூச்சியைக் கொளுத்தப் பந்தம் கட்டுவதற்கு ஒரு பழந்துணி கொண்டுவரும்படி செவந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.